அவை நடுவே ஒரு மறைமொழி

(இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ் இலக்கணம் பயின்றோர் ‘குழூஉக்குறி’ என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். இவை அவ்வக் குழுவினர்க்கே பொருள் விளங்குவன என்று இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுத் தருகின்றன. நன்னூலார் இதனைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். பொருள் வாங்க வந்தவர் எதிரில் நிற்கும்போதே, கடைக்காரர் இருவர் அவருக்குப் புரியாமல் பேசிக்கொள்ள இக்குறி உதவியது.

ஆயின் இதற்கு ஒரு முன்தேவை உண்டு. அவ்விருவரும் அதற்கு முன்னரே தனித்துக் கூடி, இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று உடன்பட்டிருக்க வேண்டும். ரோமானியத் தலைவர் சீசர் எழுத்துகளை இடம் மாற்றி எழுதிய மடல்களுக்கும், இரண்டாம் உலகப் போரில் செருமானியர் கையாண்ட ‘எனிக்மா’ பொறிக்கும் இதுவே நிலை. மறைகுறியின் திறவுகோல் முன்கூட்டியே இருவர் கையிலும் சென்று சேர வேண்டும். தூதன் வழியில் பிடிபட்டாலோ, திறவுகோல் ஏடு களவு போனாலோ எல்லாம் பாழ்.

முன்பின் கண்டிராத இருவர், பகைவரும் அமர்ந்திருக்கும் அவையில், எல்லார் காதிலும் விழும்படி பேசியே தமக்குள் ஒரு மறைபொருளை ஆக்கிக்கொள்ள இயலுமா? இயலாது என்பதே நூற்றாண்டுகளாக நிலவிய எண்ணம். இயலும் என்று 1976-இல் உலகறிய எழுதிக் காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ஹெல்மன். அவருடைய ஆய்வு வாழ்க்கையே இவ்வுரையின் பொருள். அது கணிதத்தின் கதை மட்டுமன்று. அறிவைப் பூட்டி வைக்கலாமா, அதனை வெளியிடுவோன் தன் நெஞ்சை எவ்வாறு சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் இரு வினாக்களின் கதையுமாகும்.

ஹெல்மன் 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1966-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். ஸ்டான்ஃபோர்டில் 1967-இல் முதுநிலைப் பட்டமும், தாமஸ் கவர் என்பாரின் வழிகாட்டலில் 1969-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவருடைய தொடக்க கால ஆய்வு தகவல் கோட்பாட்டைச் சார்ந்தது. மறைகுறியியல் அவர் பாடத்திட்டத்தில் இல்லை. அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படியொரு துறை இருந்ததாகவே சொல்ல இயலாது. அக்கலை அரசின் காவலில் இருந்தது. அதன் பெருங்கோட்டை தேசியப் பாதுகாப்பு முகமை.

மூன்று தற்செயல்கள் அவரை இத்துறைக்கு ஈர்த்தன. 1968-69-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றியபோது, அங்கு மறைகுறிகளை வடிவமைத்துவந்த ஹார்ஸ்ட் ஃபைஸ்டலின் அறிமுகம் கிடைத்தது. அடுத்த இரண்டாண்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்தபோது, மூத்த அறிஞர் பீட்டர் எலியாஸ் அவர் கையில் ஒரு கட்டுரையைத் தந்தார். தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் போர்க்காலத்தில் கமுக்க அறிக்கையாக எழுதி, 1949-இல் வெளியான கட்டுரை அது. தகவல் கோட்பாடும் மறைகுறியியலும் உடன்பிறந்தவை என்பதை அக்கட்டுரை அவருக்குக் காட்டிற்று. டேவிட் கான் எழுதி 1967-இல் வெளிவந்த மறைகுறி வரலாற்றுப் பெருநூல் மூன்றாவது தூண்டுதல்.

1971-இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பிய ஹெல்மன் இத்துறையில் இறங்கப் போவதாகக் கூறியபோது, உடன் பணியாற்றியோர் பித்துக்கொள்ளித்தனம் என்றே எண்ணினர். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ‘பெரும் பொருட்செலவில் பல்லாண்டுகளாக அந்த முகமை ஆய்ந்துவருகிறது, அவர்கள் அறியாத எதனை நீர் காணப்போகிறீர்?’ என்பது ஒன்று. ‘அப்படியே எதையேனும் கண்டாலும், அதனைக் கமுக்கப் பொருளென்று அறிவித்து முத்திரையிட்டுவிடுவர்’ என்பது மற்றொன்று. இரண்டும் அறிவுள்ளோர் கூற்றே. பின்னாளில் இரண்டும் ஒருவகையில் மெய்யாகவும் நேர்ந்தன. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

பேச்சுத் துணைக்கு ஆளின்றி ஆய்ந்துகொண்டிருந்தவரைத் தேடி 1974-இன் இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்தார். அவர் பெயர் விட்ஃபீல்டு டிஃபி. மறைகுறி பற்றி எவருக்கு எது தெரியும் என்று கேட்டறிவதற்காகவே அமெரிக்கா முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர் அவர். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஹெல்மனின் பெயரைக் கேள்வியுற்று, நாட்டின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்தார். அரைமணி நேரம் என்று குறித்திருந்த சந்திப்பு இரவுவரை நீண்டது. ஒத்த நோக்குடையார் இருவர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

இவர்கள் அறியாமல், பெர்க்லி நகரில் மூன்றாமவர் ஒருவரும் இதே வினாவைப் பற்றிக்கொண்டிருந்தார். ரால்ஃப் மெர்க்கில் என்னும் அம்மாணவர், வெளிப்படையான வழியிலேயே மறைபொருளை உடன்பட்டுக்கொள்ள ஒரு முறையை 1974-இல் தம் வகுப்புப் பணிக்காக முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. 1975-இல் அவர் இதழுக்கு அனுப்பிய கட்டுரையோ 1978-இல்தான் அச்சேறியது. பின்னர் அவர் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து ஹெல்மனின் மாணவரானார்.

பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொன்று. முன்னதை ஊரறிய வெளியிட்டுவிடலாம், பின்னதை மட்டும் காத்துக்கொண்டால் போதும் என்னும் கருத்து 1975-இல் டிஃபியின் உள்ளத்தில் முகிழ்த்தது. அடுத்த ஆண்டு, ஒருநாள் இரவு தம் வீட்டு மேசையில் அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்த ஹெல்மனுக்கு, மறைபொருளை உடன்பட்டுக்கொள்ளும் எளிய கணித வழி புலப்பட்டது. அவ்வழியை அவை நடுவே வைத்துக் காட்டலாம்.

இருவர் 23 என்னும் பகா எண்ணையும் 5 என்னும் அடியெண்ணையும் எல்லார்க்கும் கேட்கும்படி அறிவிக்கின்றனர் என்று கொள்வோம். முதலாமவர் 6 என்னும் எண்ணைத் தம் மனத்துள் வைத்துக்கொள்கிறார். ஆறு ஐந்துகளை ஒன்றோடொன்று பெருக்கி 23-ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8-ஐ மட்டும் உரக்கச் சொல்கிறார். இரண்டாமவர் மனத்துள் வைத்த எண் 15. பதினைந்து ஐந்துகளைப் பெருக்கி 23-ஆல் வகுக்க மீதி 19. அவர் அந்த 19-ஐ உரக்கச் சொல்கிறார். இனி, முதலாமவர் தாம் கேட்ட 19-ஐ ஆறு முறை அடுக்கிப் பெருக்கி 23-ஆல் வகுக்கிறார், மீதி 2. இரண்டாமவர் தாம் கேட்ட 8-ஐப் பதினைந்து முறை அடுக்கிப் பெருக்கி 23-ஆல் வகுக்கிறார். மீதி அதே 2. அவையோர் 23, 5, 8, 19 என்னும் நான்கு எண்களையும் கேட்டனர். 2 என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. அதுவே இருவர்க்கும் பொதுவான திறவுகோல்.

இத்துணைச் சிறிய எண்ணாயின் கேட்டிருப்போர் விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிடுவர். ஆனால் பகா எண் பல நூறு இலக்கங்கள் கொண்டதாயின், முன்னோக்கிப் பெருக்குவது கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிச் சென்று மனத்துள் வைத்த எண்ணைக் காண்பதோ இற்றைக் கணிப்பொறிகளுக்கு இயலாத வேலை. பால் தயிராவது எளிது. தயிரைப் பாலாக்குவது அரிது. கணிதத்திலும் அத்தகைய ஒருவழிப் பாதைகள் உண்டு என்பதே இம்முறையின் அடிப்படை.

டிஃபியும் ஹெல்மனும் இணைந்தெழுதிய கட்டுரை 1976 நவம்பரில் தகவல் கோட்பாட்டுக்கான ஆய்விதழில் வெளிவந்தது. மறைகுறியியலின் புதிய திசைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். திறவுகோல் உடன்பாட்டு முறை மட்டுமன்றி, மின்வழி அனுப்பும் ஆவணத்தில் கையொப்பமிடும் கருத்தும் அதில் இடம்பெற்றது. 1977-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர், டிஃபி கருதிய இருதிறவுகோல் பூட்டுக்கு நல்லதொரு கணித உருவம் தந்தனர். புதிய துறையொன்று திறந்த வெளியில் வேரூன்றத் தொடங்கிற்று.

இதற்கிடையே பூசல் ஒன்றும் முளைத்திருந்தது. வங்கிகளும் நிறுவனங்களும் கையாள்வதற்கென ஒரு பொது மறைகுறித் தரத்தை அமெரிக்க அரசின் தர நிறுவனம் 1975-இல் முன்மொழிந்தது. ஐ.பி.எம். வடிவமைத்த அக்குறியின் திறவுகோல் 56 பிட் நீளமுடையது. அதாவது, ஏறத்தாழ 72,000 இலட்சம் கோடி திறவுகோல்களுள் ஒன்று. கேட்பதற்கு மிகப்பெரிய எண்ணே. ஆயினும் அது போதாது என்றனர் ஹெல்மனும் டிஃபியும். பத்து இலட்சம் சில்லுகளைக் கொண்ட ஒரு பொறியை இரண்டு கோடி டாலர் செலவில் அமைத்தால், ஒரு நாள் அளவில் எல்லாத் திறவுகோல்களையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று 1977-இல் கணக்கிட்டு எழுதினர். பாதுகாப்பு முகமையால் உடைக்க இயலும் அளவுக்கே திறவுகோலின் நீளம் குறைக்கப்பட்டதோ என்று ஐயுற்றனர்.

1976-இல் அம்முகமையின் உயர் அலுவலர் இருவர் கலிபோர்னியாவுக்கு வந்து அவர்களைச் சந்தித்தனர். ‘உங்கள் கூற்று தவறு, ஆயினும் அருள்கூர்ந்து அமைதி காக்க வேண்டும். தொடர்ந்து பேசினால் நாட்டின் பாதுகாப்புக்குப் பெருந்தீங்கு விளையும்’ என்பது அவர்கள் வேண்டுகோளின் சாரம். கூற்று தவறாயின் தீங்கு எவ்வாறு விளையும்? அம்முரண்பாடு ஹெல்மனுக்குப் புலப்படாமல் இல்லை. எனினும் வேண்டியோர் பொறுப்புள்ள அலுவலர். அவர்கள் சொன்னதும் விளையாட்டுப் பேச்சன்று. அன்று வீடு திரும்பி, செய்யத்தக்கது யாது என்று நெடிது எண்ணினார். இறுதியில், மக்கள் அறிய வேண்டியதைப் பேசுவதே அறம் என்று துணிந்தார்; துணிந்தவாறே பேசவும் செய்தார். அந்த இரவைப் பற்றி மீண்டும் கூற வேண்டிவரும்.

1977 சூலையில் மின்பொறியாளர் கழகத்துக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் தம்மை ஒரு தனி உறுப்பினராகவே காட்டிக்கொண்டார். அவர் பாதுகாப்பு முகமையின் அலுவலர் என்பது பின்னர்த் தெரியவந்தது. மறைகுறிக் கட்டுரைகளை வெளியிடுவதும் பன்னாட்டுக் கூட்டங்களில் படிப்பதும் படைக்கல ஏற்றுமதிச் சட்டத்துக்கு முரணாகலாம் என்பது மடலின் செய்தி. துப்பாக்கியையும் பீரங்கியையும் நாடு கடத்துவதைத் தடுக்கும் சட்டம், கரும்பலகையில் எழுதும் சமன்பாட்டின்மேல் பாய்ந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் சிறையும் தண்டமும் நேரும்.

அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் தகவல் கோட்பாட்டுப் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடவிருந்தது. ஹெல்மனின் மாணவர்களான மெர்க்கிலும் ஸ்டீபன் போலிக்கும் அங்குக் கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. ஹெல்மன் தம் பல்கலைக்கழகத்தின் சட்ட அறிஞரிடம் கருத்துக் கேட்டார். வெளியிடுவது சட்டத்துக்கு உட்பட்டதே என்பது அவர் கருத்து; வழக்கு நேர்ந்தால் பல்கலைக்கழகம் துணை நிற்கும் என்றார். ஆயினும் நீண்ட வழக்கின் சுமையைப் பேராசிரியர் தாங்குவார், வாழ்க்கையைத் தொடங்கும் மாணவர் தாங்குவரோ என்று ஐயுற்று, ஹெல்மனே படிப்பது நன்று எனப் பரிந்துரைத்தார். ‘நாங்களே படிப்போம்’ என்று முதலில் உறுதியாக நின்ற மாணவர் இருவரும், குடும்பத்தாரின் கவலையை எண்ணி இறுதியில் இசைந்தனர்.

கருத்தரங்கு நாளில் ஹெல்மன் மேடையேறினார். மாணவர்க்கு மாற்றாகத் தாம் பேச நேர்ந்தது ஏன் என்பதை அவையோர்க்கு விளக்கினார். கட்டுரைக்குரிய மாணவர் அருகே வாய்திறவாது நிற்க, அவர்களுடைய கண்டுபிடிப்பைத் தாம் எடுத்துரைத்தார். மாணவர் பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கவனத்தைக் காட்டிலும் அவர்களின் மௌனத்துக்குக் கிடைத்த கவனம் மிகுதி. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அவர்களைப் பின்பற்றிப் பலரும் எழுதினர், பேசினர். மறைகுறியியல் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

முகமையின் தலைவராக 1977-இல் பொறுப்பேற்ற கடற்படைத் தளபதி பாபி ரே இன்மன், தம் அலுவலர்தம் கருத்துக்கு மாறாக, ஹெல்மனை நேரில் காண வந்தார். முதற் சந்திப்பில் இருவருமே எச்சரிக்கையோடுதான் இருந்தனர். ஆயினும் கேட்டறியும் பண்பு இருவரிடமும் இருந்தது. பகையாகத் தொடங்கிய பழக்கம் நாளடைவில் நட்பாயிற்று.

அப்பூசலில் வென்றவர் யார்? காலம் தந்த விடை, ஒரு பக்கம் மட்டும் சாய்வதன்று. 56 பிட் திறவுகோல் போதாது என்ற ஹெல்மனின் கூற்று மெய்யாயிற்று. 1998-இல் ஒரு குடிமை உரிமை அமைப்பு, இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் பொறியொன்று அமைத்து, 56 மணி நேரத்தில் அக்குறியை உடைத்துக் காட்டியது. ஆனால் அக்குறியின் உள்ளமைப்பில் இருந்த எண் அட்டவணைகளில் கள்ளவழி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஹெல்மன் குழுவினர் கொண்ட மற்றோர் ஐயம் மெய்யாகவில்லை. புதியதொரு தாக்குமுறையை 1990-ஐ ஒட்டி பிஹாமும் ஷமீரும் வெளியிட்டனர். அத்தாக்குதலை முன்னரே அறிந்து, அதனைத் தாங்கும்படியே அவ்வட்டவணைகள் அமைக்கப்பெற்றன என்பதை ஐ.பி.எம். அறிஞர் காப்பர்ஸ்மித் 1994-இல் வெளிப்படுத்தினார். நன்மை செய்தவரும் அதனை மறைத்தே செய்ததால் ஐயத்துக்கு ஆளாயினர். கதவு அடைத்திருக்கும் வீட்டில் விருந்து நடந்தாலும் ஊரார் அதனைச் சூதென்றே எண்ணுவர்.

‘அவர்கள் அறியாத எதனைக் காணப்போகிறீர்?’ என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கும் 1997 டிசம்பரில் ஒரு விடை கிடைத்தது. இங்கிலாந்து அரசின் ஒற்றுத் தகவல் தலைமையகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்லிஸ் 1970-இலேயே இக்கருத்தை எழுதினார் என்பதும், கிளிஃபோர்டு காக்ஸ் 1973-இலும் மால்கம் வில்லியம்சன் 1974-இலும் அதற்குக் கணித உருவம் தந்தனர் என்பதும் அப்போதுதான் வெளியிடப்பட்டன. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில் காலமாகியிருந்தார். தம் பெயர் உலகறிய ஒலிப்பதை அவர் கேட்கவில்லை. முதலில் கண்டவர் அவரே. ஆயின் அக்கண்டுபிடிப்பு இருபத்தேழு ஆண்டுகள் பேழைக்குள் உறங்கிற்று. அதே கருத்து திறந்த அவையில் சொல்லப்பட்டபோது, ஆயிரம் பேர் அதனைச் சோதித்தனர், திருத்தினர், வளர்த்தனர், வணிகத்துக்கும் மடலுக்கும் கருவியாக்கினர்.

சோதனை என்பது தம் படைப்பையும் விட்டுவைக்காது. மெர்க்கிலும் ஹெல்மனும் 1978-இல் வெளியிட்ட மற்றொரு மறைகுறி முறையை ஷமீர் 1982-இல் உடைத்தார். உடைப்போர்க்கு 100 டாலர் என்று மெர்க்கில் முன்னரே அறிவித்திருந்தார். அப்பரிசு ஷமீருக்குச் சென்றது. தோல்வியும் வெளிப்படையாக நிகழ்ந்தமையால் துறைக்கு அதுவும் பாடமாயிற்று.

இனி, மேலே குறித்த அந்த இரவுக்குத் திரும்பலாம். ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 1981-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தை ஹெல்மன் பார்த்தார். லாஸ் அலமாஸில் முதல் அணுகுண்டை ஆக்கிய அறிவியலார், அதில் தம் நினைவுகளைச் சொல்கின்றனர். இட்லர் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே பணியில் சேர்ந்ததாகப் பலரும் கூறினர். 1945 மே திங்களில் செருமனி வீழ்ந்தது. அக்காரணம் அன்றோடு முடிந்தது. பின்னும் ஏன் நிறுத்தவில்லை? அவ்வினாவுக்கு அவர்களிடம் நேரிய விடை இல்லை. வேலையின் விறுவிறுப்பு, புகழின் ஈர்ப்பு, தொடங்கியதை முடித்துப் பார்க்கும் வேட்கை ஆகியவையே அவர்களை நடத்தின என்பது ஹெல்மனுக்குத் தோன்றிற்று.

அக்கணத்தில் அவர் தம்மையே அங்குக் கண்டார். 1976-ஆம் ஆண்டின் அந்த இரவில், ‘சரி, தவறு என்பதை விட்டுவிடு, புலியின் வாலைப் பிடித்திருக்கிறாய், விடாமல் ஓடு, இத்தகைய வாய்ப்பு மீண்டும் வாராது’ என்றோர் எண்ணம் தம் உள்ளத்தில் எழுந்தது அவர் நினைவுக்கு வந்தது. அவ்வெண்ணத்தை ஒதுக்கிவிட்டு அறத்தை மட்டுமே கருதி முடிவெடுத்ததாக ஐந்தாண்டு காலம் நம்பியிருந்தார். உண்மையில், செய்ய விரும்பியதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற அறக் காரணத்தைப் பின்னரே தேடிக்கொண்டார் என்பது அன்று விளங்கிற்று. முடிவு நன்றாகவே அமைந்தது. ஆனால் அது நன்றாக அமைந்ததற்குத் தம் அறிவுத் தெளிவு காரணமன்று என்று அவர் ஒப்புக்கொண்டார். இனி ஒருமுறை அவ்வாறு தம்மை ஏமாற்றிக்கொள்வதில்லை என்று உறுதியும் பூண்டார்.

இவ்வொப்புதல் எளிய செயலன்று. வென்றவரைத் தன்னாய்வு செய்துகொள்ளும்படி எவரும் கேட்பதில்லை. உலகமே ‘நீ சரி’ என்று சொல்லும்போது, ‘என் செயல் சரி, என் நெஞ்சு சரியில்லை’ என்று சொல்லத் தனித் துணிவு வேண்டும். உலகின் மறைபொருள்களைக் காக்கும் முறையை வகுத்தவருக்கு, தம்மிடமிருந்தே தாம் மறைத்துக்கொண்ட ஒன்றை வெளிக்கொணர ஐந்தாண்டு தேவைப்பட்டது.

அதன்பின் அவர் வாழ்க்கை வேறு திசையில் திரும்பிற்று. அவருடைய இல்வாழ்க்கை அந்நாளில் முறிவின் விளிம்பில் இருந்தது. அதனை மறைக்காமல் அவரும் துணைவியார் டாரதியும் பின்னாளில் நூலாகவே எழுதினர். வாதத்தில் வெல்வதையே வழக்கமாகக் கொண்டவர், எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொண்டது முதலில் வீட்டில்தான். அப்பாடத்தை நாடுகளின் பகைக்கும் பொருத்திப் பார்த்தார். அணுப்போர்த் தடுப்பை முதன்மைப் பணியாகக் கொண்டு, 1980-களில் சோவியத் நாட்டு அறிஞர்களோடு உரையாடலானார். அதன் பயனாக, அனத்தோலி குரோமிக்கோவோடு இணைந்து அவர் தொகுத்த நூல் 1988-இல் வெளிவந்தது. பகைமுகாம்கள் இரண்டின் அறிஞர்களும் அதில் ஒருங்கே எழுதினர்.

மறைகுறிக் கொள்கையை ஆராய அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் அமைத்த குழுவிலும் அவர் இடம்பெற்றார். பாதுகாப்பு முகமையின் முன்னாள் துணைத் தலைவர் ஒருவரும் அதே குழுவில் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுக்கு முன் எதிரெதிரே நின்ற தரப்பினர் பொறுமையோடு பேசி, வலிய மறைகுறிகள் மக்களிடையே பரவுவதே நாட்டுக்கு நன்று என்னும் கருத்துடைய அறிக்கையை 1996-இல் ஒன்றுபட்டு அளித்தனர். அவ்வாண்டே அவர் ஓய்வுபெற்ற பேராசிரியரானார். பின்னர், அணு ஆயுதத் தடுப்பு என்பது எந்த அளவுக்கு இடர் உடையது என்பதைப் பொறியாளர் கணக்கில் அளந்து பார்க்க வேண்டும் என்று 2008 முதல் வலியுறுத்தினார். அணுமின் நிலையத்தை எழுப்புமுன் விபத்துக்கான வாய்ப்பைக் கணக்கிடும் நாடுகள், அதனினும் பல மடங்கு அழிவு தரும் ஆயுதத்துக்கு அக்கணக்கைப் போடவில்லையே என்பது அவர் வாதம். அம்முயற்சியை ஆதரித்துக் கையொப்பமிட்டோருள் அந்நாள் எதிரி இன்மனும் ஒருவர்.

தம் பெயரோடு வழங்கும் திறவுகோல் முறைக்கு மெர்க்கிலின் பெயரும் சேர வேண்டும் என்று ஹெல்மன் 2002-இல் எழுதினார். வகுப்பறையில் புறக்கணிக்கப்பட்ட மாணவனுக்கு ஆசிரியன் செய்த நீதி அது. 2015-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது, பத்து இலட்சம் டாலர் பரிசுடன், டிஃபிக்கும் ஹெல்மனுக்கும் 2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அப்பணத்தையும் புகழையும் அணுப்போர் இடரை மக்களுக்கு உணர்த்தப் பயன்படுத்துவதாக அவர் கூறினார்.

இன்று ஒருவர் வலைவழி வங்கிக் கணக்கைத் திறக்கும்போதோ, கடல் கடந்த மகனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும்போதோ, அவர் கருவியும் மறுமுனைக் கருவியும் முன்பின் கண்டிராத இருவராகவே சந்திக்கின்றன. இருவர்க்குமான மறைபொருளை நொடிப்பொழுதில் ஆக்கிக்கொள்ள, 1976-இல் வகுத்த அவ்வழியின் வழித்தோன்றல்களே பெரும்பாலும் துணைசெய்கின்றன. அவ்வழியும் நிலையானதன்று. குவாண்டம் கணிப்பொறி பேருருக் கொள்ளுமாயின் இப்பூட்டு திறந்துவிடும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். அதனை எதிர்நோக்கிப் புதிய பூட்டுகளுக்கான தரங்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அப்புதிய பூட்டுகளும் பல நாட்டு அறிஞர் வெளிப்படையாகத் தாக்கிப் பார்த்துத் தேர்ந்தவை. எவரும் தாக்கிப் பார்க்கலாம் என்னும் அந்த முறைமை, மாணவர் இருவர் வாய்மூடி நின்ற ஒரு மேடையில் வென்றெடுக்கப்பட்டது.

அன்பர்களே! குழூஉக்குறி ஒரு குழுவுக்கு மட்டும் உரியது. ஹெல்மனும் அவர் தோழர்களும் அந்த உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் ஆக்கினர். மறைத்துப் பேசும் உரிமையை எல்லார்க்கும் வழங்குவதற்கு, அதன் வழிமுறையை மறைக்காமல் பேச வேண்டியிருந்தது. அவ்வெற்றிக்காக அவரைப் போற்றலாம். அவ்வெற்றிக்குப் பின் தம் நெஞ்சைத் தாமே திறந்து பார்த்தாரே, அதற்காக இன்னும் ஒருபடி மேலாகப் போற்றலாம். அந்தப் பூட்டுக்கான திறவுகோலை வேறு எவரும் செய்துதர இயலாது.